தரையைத் தொட்ட கோடு

எண்பதுகளின் நடுவில் ஹட்டனில் தேயிலைத் தோட்டக் கூட்டுத்தாபனத்தின் அலுவலகத்தில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு நான் எழுதிய புரோகிராம்தான் பெயர்ப்பட்டியல் அச்சடித்தது. பட்டியலில் பெயர் இல்லாதவர்களுக்கு அன்று வேலை இல்லை.

பெயர் விடுபட்டதாக வரும் முறைப்பாடுகளை வாராவாரம் எண்ணி, வரைபுத் தாளில் புள்ளி வைத்தேன். பிழைகள் வெளிப்படும் வேகம் குறையக் குறைய, உள்ளே மிச்சமிருப்பவையும் குறைவு என்பது நான் புத்தகத்தில் படித்த கணிதம். கோடு அழகாக இறங்கித் தரையைத் தொட்டது. இனி இந்தப் புரோகிராமை நம்பலாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவ்வளவு திமிர் எனக்கு.

அந்த ஞாயிறு, தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அம்மா இருந்த எங்கள் லயத்து வரிசை வீட்டுக்குப் போனேன். அம்மா பால் இல்லாத சாயத்தண்ணி மட்டும் தந்தாள். அந்த வாரம் நான்கு நாள் அவள் பெயர் பட்டியலில் வரவில்லையாம்.

"பெரட்டுல ஆள் பிரிக்கிற கண்டாக்குகிட்ட சொல்ல வேண்டியதுதானே?" என்று கத்தினேன்.

"எப்படிப் புள்ள சொல்றது? ஒன் மெசின்ல பிழைன்னு தெரிஞ்சா ஒன்னய வேலைய விட்டு நிப்பாட்டிருவாங்க. லயத்துல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். பேரு வராட்டி யாரும் வாயத் தொறக்கிறதில்ல. பேசாம திரும்பி வந்துருவோம்."

பக்கத்துக் காம்பரா வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. அந்த வாரத்துக்கு நான் பூச்சியத்தில் புள்ளி வைத்திருந்தேன்.