சங்கு ஊதினால் உட்காரும் பிள்ளைகள்

நான் எழுதினால் கோணல்மாணலாகத்தான் வரும். சிலோனில் மூன்றாம் வகுப்பு வரை படித்தேன். கப்பலேறி இங்கே வந்த பிறகு பள்ளிக்கூடம் பக்கமே போகவில்லை. இப்போது மறதி வேறு சேர்ந்துவிட்டது, ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றில் போய் நிற்பேன். பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்லப்போவதும் என் பிள்ளைகள் ஒண்ணுக்கு இருக்கப் பழகின கதைதான். இதையெல்லாம் எழுதுவார்களா என்று தெரியவில்லை. ஆனால் எங்கள் வீடு போனதே அதில்தான்.

அப்போது சேரம்பாடிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலியாட்களுக்கான வரிசை வீட்டில், இருந்தோம். தேயிலைக்கு விலை விழுந்துபோன காலம். கொழுந்து பறித்தால் கூலிக்குக்கூடக் கட்டவில்லை என்று துரைமார் சொன்னார்கள். ஃபேக்டரியில் ஆள் குறைத்தபோது என் வீட்டுக்காரரையும் நிறுத்திவிட்டார்கள். அவர் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போனார். நான் இரட்டைப் பிள்ளை பெற்று, அதற்காக வேலையிலிருந்து நின்றவள். லயத்தில் ஒரு வீடு வேண்டுமென்றால் அந்த வீட்டில் ஒருவர் பெயராவது செக்ரோலில், தோட்டத்து வேலையாள் பேரேட்டில், இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டு பெயரும் இல்லை.

அந்த ஆனி கடைசியில் கங்காணி வாசலில் வந்து நின்றார்.

"ஏ புள்ள, பிரசவத்துக்கு நின்ன பொம்பளைங்கள்ல லயத்துக்கு ஒரு ஆள எடுக்கப் போறாங்களாம். இந்த லயத்துக்கு ஒம் பேரத்தான் சொல்லியிருக்கேன். மழ விட்டதும் பெரட்டுக்கு வந்து நில்லு. டாக்டர் ஒடம்பு பிட்டுனு எழுதிக் குடுக்கணும். புள்ளைகள காம்பராவுல விட்டுட்டு வரணும். ரெண்டுல ஒண்ணு இல்லாட்டியும் அடுத்த ஆளுதான். வீட்டையும் விடணும், சொல்லிட்டேன்."

பெரட்டு என்றால் காலையில் பெயர் கூப்பிட்டு வேலைக்கு ஆள் பிரிக்கிற இடம். பிள்ளைக்காம்பரா என்றால் தாய்மார் மலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகிற இடம். அங்கே முன்பு ஆயா ஒருத்தி, கழுவித் துடைக்க ஒருத்தி என்று இரண்டு பேர். செலவைக் குறைக்க இரண்டாவது ஆளை நிறுத்திவிட்டார்கள். மீதி இருந்த ஆயா எருமாட்டுப் பக்கத்து மலையாளத்துக்காரி. நான் போய்க் கேட்டதும் கையை விரித்துக் காட்டினாள்.

"மோளே, எனக்கு ரெண்டு கைதான். அடக்கிச் சொல்லத் தெரிஞ்ச குட்டிகளைக் கொண்டா, நான் பாக்கறேன். நனைக்கிற குட்டிகளை எடுக்க ஏலாது. அதும் ஒண்ணில்ல, ரெண்டு!"

டாக்டர் கோயம்புத்தூர்க்காரர். கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். "ஏனுங்கம்மா, ஒடம்புல ரத்தமே இல்லீங்களே. இந்த ஒடம்ப வெச்சுட்டு கூடையத் தூக்கீட்டு எப்படி மலையேறுவீங்க? நல்லாச் சாப்புடுங்க. தெனமும் ஏறி எறங்கிப் பழகுங்க. கீழ லயத்துலருந்து இங்க வரைக்கும் நிக்காம ஏறி வந்து, மூச்சு வாங்காமப் பேசுங்க பாப்போம். அப்பத்தான் எழுதித் தருவேன்" என்றார். அவர் பேசப் பேச எனக்கு மூச்சு வாங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆஸ்பத்திரி மேட்டின் உச்சியில் இருந்தது.

மழை விடுவதற்குள் என் உடம்பும் தேற வேண்டும், இரண்டு பிள்ளைகளும் பழக வேண்டும். ஆடி மழையை அந்தப் பக்கம் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். துணி காயாது. அடுப்புக்கு மேலே கயிறு கட்டி, இருக்கிற சேலையையெல்லாம் கிழித்துத் தொங்கப் போட்டிருந்தேன். வீடே மூத்திரமும் புகையுமாக நாறும். வெளியே உட்கார வைக்கலாம் என்றால் புல்லில் அட்டை. ஒரு தடவை பையன் தொடையில் ஏறிவிட்டது. அதோடு அவன் புல்லைக் கண்டாலே காலைத் தூக்கிக்கொண்டு அலறுவான்.

ஊரில் எல்லாத் தாயும் செய்கிறதைத்தான் நானும் செய்தேன். காலை நீட்டி உட்கார்ந்து, பாதம் இரண்டையும் சேர்த்து, பிள்ளையை அதன்மேல் உட்கார வைத்து "ஸ்ஸ்ஸ்" என்பேன். ஒரு பிள்ளையென்றால் சரி. நான் பெண்ணைக் காலில் வைத்திருக்கும்போது பையன் அரிசிப்பானைக்குப் பக்கத்தில் போய் இருந்துவிடுவான். அவனைப் பிடிக்க எழுந்தால் இவள் என் காலிலேயே இருந்துவிடுவாள். எப்போது உட்கார வைப்பது என்றும் தெரியவில்லை. வீட்டில் கடிகாரம் கிடையாது.

அதனால் ஃபேக்டரிச் சங்கை வைத்துப் பழக்கினேன். காலையில் சங்கு ஊதும், பெரட்டுக்கு ஊதும், மதியம் ஊதும், சாயங்காலம் ஊதும். ஊதியதும் இரண்டையும் தூக்கி வாசலோரம் செங்கல் மேல் உட்கார வைத்துவிடுவேன். முதலில் அழுதார்கள். பிறகு எப்படியோ பிடித்துக்கொண்டார்கள். சங்குச் சத்தம் கேட்டதும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு இரண்டும் ஓடிப்போய்ச் செங்கலில் உட்காரும். பக்கத்து வீட்டு மதினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். "அடியே, தொரைக்கு ஆளு சொன்னபடி கேக்குதோ இல்லியோ, ஒம்புள்ளைக கேக்குதுங்கடி! பெரட்டுக்கு மொத ஆளு இதுகதான்!"

மதினிக்கும் ஒரு கைக்குழந்தை. அவளும் வேலையிலிருந்து நின்றவள்தான். எனக்கு அடுத்த பெயர் அவளுடையது. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். நாங்கள் அதைப் பேசிக்கொண்டதில்லை.

சங்கு ஓய்ந்த நேரமெல்லாம் நான் மேடு ஏறினேன். பிள்ளைகளை விட்டுப்போக ஆள் இல்லை. பையனைப் படங்குச் சாக்கில் போட்டு முதுகில் கட்டிக்கொள்வேன், பெண்ணை இடுப்பில் வைத்துக்கொள்வேன். தண்ணித் தொட்டி வரைக்கும் ஏறுவது, இறங்குவது, மறுபடி ஏறுவது. எதிரில் ஆள் வந்தால் வெட்கமாக இருக்கும், விறகுக்குப் போகிற மாதிரி குனிந்துகொள்வேன். பாதி மேட்டில் முதுகில் சூடாக இறங்கும். நின்றால் டாக்டர் சொன்னது வீணாகிவிடும் என்று நனைந்தபடியே ஏறுவேன். சாப்பாட்டுக்குக் காட்டுக்கீரையும் ராகிக் களியும்தான். இரத்தம் ஊறியதோ இல்லையோ, கால் மட்டும் கல்லாகிவிட்டது.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் காலையில் சங்கு ஊதவில்லை. மதியமும் ஊதவில்லை. விற்காத தூள் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது, அதனால் ஃபேக்டரியை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று சொன்னார்கள்.

பிள்ளைகள் பழக்கத்தில் செங்கலில் போய் உட்கார்ந்தார்கள். ஃபேக்டரி இருக்கிற திசையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். சத்தம் ஒன்றும் வரவில்லை. "இரும்மா, இருய்யா" என்று கெஞ்சினேன். "ஊம்... ஊம்..." என்று பையன் மேலே கையைக் காட்டினான், ஊதச் சொல்லி. எழுந்து உள்ளே போனதும் பாயில் இருந்துவிட்டான்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. நானே ஊதினேன். யாராவது கூப்பிட்டால்கூடச் சத்தமாக "என்னா" என்று கேட்காதவள், வாசலில் நின்று வாயைக் குவித்து "ஊஊஊ" என்று ஊதினேன். லயம் முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது.

"ஃபேக்டரி நம்ம லயத்துக்கே வந்திருச்சுடோய்!" என்று ஒரு கிழவர் கத்தினார்.

"இன்னுங் கொஞ்சம் இழுத்து ஊதுடி, காதுக்கு எட்டல!" என்றாள் மதினி.

எனக்கு அழுகை வந்தது. ஆனால் பெண் உட்கார்ந்து இருந்துவிட்டாள். அவளுக்கு என் சத்தம் போதுமானதாக இருந்தது. பையன் என் வாயைப் பார்த்தான். அது சங்கு இல்லையென்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. நான் எவ்வளவு ஊதினாலும் அவன் ஃபேக்டரிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆவணியில் மழை விட்டது. ஃபேக்டரிச் சங்கு இன்னும் ஊதவில்லை, கொழுந்தை வேறு ஃபேக்டரிக்குக் கொடுத்தார்கள். பிள்ளைகள் இரண்டையும் காம்பராவில் விட்டேன். ஆயாவிடம் சங்கு விஷயத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தது. கடைசியில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். அவள் வாயைப் பொத்திச் சிரித்தாள். "தெய்வமே! அப்ப நான் இங்க ஃபேக்டரி ஆகணுமா? சரி மோளே, ஊதிப் பாக்கறேன். நீ போயிட்டு வா."

லயத்திலிருந்து மேட்டில் ஏறினேன். முதுகில் பிள்ளை இல்லை, இடுப்பில் பிள்ளை இல்லை. உடம்பு பஞ்சு மாதிரி இருந்தது. எங்கேயும் நிற்கவில்லை. டாக்டர் பேச்சுக் கொடுத்தார், பதில் சொன்னேன். "பரவாயில்லீங்களே! உங்களயா அன்னிக்குப் பார்த்தேன்?" என்று சிரித்தபடி எழுதிக் கொடுத்தார். என் ஆயுசில் நான் ஒரு பரீட்சையில் தேறியது அன்றைக்குத்தான். காகிதத்தை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு இறக்கத்தில் ஓடியே வந்தேன்.

காம்பரா வாசலில் ஆயா நின்றிருந்தாள். பாய்களெல்லாம் வேலியில் கிடந்தன. அவள் சேலையின் முன்பக்கம் நனைந்திருந்தது.

"பெண்குட்டி சமத்து. ஊதினேன், இருந்தா. பையன் உச்ச நேரம் வரைக்கும் செங்கல்ல உக்காந்திருந்தான், மோளே. பாவம், மேல பாத்துட்டே இருந்தான். தூக்கி உள்ள கொண்டுவந்து கிடத்தினேன், எல்லாக் குட்டிகளுக்கும் நடுவுல..." என்று வேலியில் கிடந்த பாய்களைக் காட்டினாள். பிறகு, "பெண்ணை எடுக்கறேன். அவனை ஏலாது. ஏசாதே. எனக்கும் இந்த வேலைதான் சோறு" என்றாள்.

நான் ஏசவில்லை. அவள் சொன்னதில் தப்பு இருந்ததாகத் தெரியவில்லை. ஒருத்தியைக் காம்பராவில் விட்டுவிட்டு ஒருத்தனை முதுகில் கட்டிக்கொண்டு மறுநாள் பெரட்டுக்குப் போய் நின்றேன். கங்காணி பார்க்காத மாதிரி நகர்ந்துகொண்டார். ஃபீல்டு ஆபீசர்தான் பார்த்தார். "மருந்தடிக்கிற மலையில பிள்ளையோடவா? ஏதாவது ஆனா யார் பதில் சொல்றது? திரும்பிப் போ" என்றார். அவர் திட்டக்கூட இல்லை. அன்று மதியமே மதினியை வேலைக்குக் கூப்பிட ஆள் போயிற்று. அவள் பிள்ளையை அவளுடைய கொழுந்தன் பெண்டாட்டி பார்த்துக்கொள்ள வந்தாள்.

அடுத்த வாரம் என்று நினைக்கிறேன். நான் அடுப்படியில் இருந்தேன். பையன் வந்து என் சேலையைப் பிடித்து இழுத்தான். "அம்மா, ஒண்ணுக்கு" என்றான். சங்கும் இல்லை, நானும் ஊதவில்லை. வெளியே கூட்டிப்போனேன். செங்கல்கூட வேண்டாமென்று நின்றபடியே போனான். முடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். அவனைத் தூக்கிக்கொண்டு ஆயாவிடம் ஓடினேன். அவள் அவனை வாங்கிக்கொண்டு அப்படியே ஆபீசுக்கு நடந்தாள், எனக்காகப் பேச. நான் வெளியே நின்றேன். திரும்பி வந்தவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். மதினி பெயர் செக்ரோலில் ஏறிவிட்டதாம்.

புரட்டாசிக்குள் வீட்டை விடச் சொன்னார்கள். பாத்திரங்களைப் படங்குச் சாக்கில் கட்டி, இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கூடலூர் போய் திருப்பூர் பஸ் ஏறினேன். வழியில் பஸ் நிற்கிற இடமெல்லாம் பையன் "ஒண்ணுக்கு" என்றான். கண்டக்டர், "என்னம்மா, பிள்ளைக்கு இப்பத்தான் பழக்குனீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொன்னேன்.

இதில் எனக்குச் சந்தேகமானவை உண்டு. ஃபேக்டரி நின்றது ஆடியிலா, அதற்கு முன்னாலேயா என்று சரியாகத் தெரியவில்லை. பெரட்டுச் சங்கும் காலைச் சங்கும் ஒன்றுதானோ என்றும் இப்போது குழப்பமாக இருக்கிறது. அந்தப் பக்கத்து லயங்களில் அப்போது இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், தப்பு இருக்கிற இடத்தில் ஒரு கோடு போட்டுச் சரியானதை எழுதிவிடுங்கள். ஆயா இப்போது எங்கே இருக்கிறாள் என்று தெரிந்தாலும் எழுதுங்கள்.