எதுவரைக்கும் வந்தான் சோரின்?

காந்தி ரோட்டில் நான் வேலை செய்யும் பட்டுக்கடையில் ஒரு சந்தன நிறப் புடவையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அதன்மேல் ஒரு கறுப்பு நூல் கிடந்தது. கிள்ளினேன், வரவில்லை. மறுபடி கிள்ளினேன்.

"எதைம்மா எடுக்கறீங்க? அங்க ஒண்ணும் இல்லியே," என்றார் வாங்க வந்தவர்.

நூல் புடவையில் இல்லை, என் வலக்கண்ணுக்குள் இருந்தது. அது புரிவதற்குள் கண்ணின் கீழ் ஓரத்திலிருந்து ஒரு நிழல் ஏறி வந்துவிட்டது. உங்களுக்கு இப்படி நூல் தெரிந்தால் அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள். என்னைப் போலப் புடவையைக் கிள்ளிக்கொண்டு நிற்காதீர்கள்.

விழித்திரை (கண்ணுக்குள் ஒளியை வாங்கும் மெல்லிய சவ்வு) பிரிந்திருந்தது. அறுவை சிகிச்சை செய்து, திரை மறுபடி ஒட்டுவதற்காக உள்ளே ஒரு வாயுக் குமிழியை வைத்தார்கள். அது தானாகக் கரைந்துவிடுமாம்.

"பார்வை வரும்மா. எவ்வளவு வரும்னு இப்பச் சொல்ல முடியாது," என்றார் டாக்டர்.

எனக்கு இடக்கண் சிறுவயதிலிருந்தே மந்தம். மாம்பழ மஞ்சள் எது, எலுமிச்சை மஞ்சள் எது என்று வலக்கண்ணால்தான் பிரித்துச் சொல்லிப் பிழைத்து வந்தேன்.

குமிழி திரையை அழுத்த வேண்டும் என்பதால் குப்புறவே கிடக்கச் சொன்னார்கள். கட்டில் விளிம்பில் முகத்தைத் தொங்கவிட்டுக் கிடந்தேன். பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் நான்சி, பழைய பேப்பர் கடையில் பொறுக்கிய பத்திரிகைகளை என் முகத்துக்கு நேர்கீழே தரையில் பரப்பினாள். எல்லா அட்டையிலும் அவள் உயிரை விடும் கொரியப் பாடகன், பதினேழு வயதுச் சோரின். இடக்கண்ணுக்கு அவன் வெறும் வண்ணத் திட்டு. அவள் ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் சொன்னாள்.

"சாப்பாட்டைக் குறைச்சிக்கினு டான்ஸ் ஆடறாம்மா."

"பேரு சோறு, துன்றது இல்லியா?"

"சோரின்மா!"

மேடை ஏறுமுன் பயத்தில் வாந்தி எடுப்பானாம். அதைக் கேட்டதும் எனக்கு அவனைப் பிடித்துவிட்டது.

உட்காரலாம் என்று டாக்டர் சொன்ன அன்று, நான்சி நான் பார்த்தே இராத புது இதழ் ஒன்றின் அட்டையை எதிர்ச்சுவரில் ஒட்டினாள். அதில் சோரின் எதுவரை தெரிகிறான் என்று நான் தினமும் சொல்ல வேண்டும், அதுதான் ஆட்டம். இடக்கண்ணை மூடி நேராகப் பார்க்க வேண்டும், குனிந்தால் ஆட்டம் செல்லாது. குமிழி கரையக் கரையப் பார்வை மேலிருந்து கீழாக வருகிறது. அதற்குக் கீழே எல்லாம் தண்ணீருக்குள் கிடப்பதுபோல ஆடும். முதலில் பத்திரிகையின் பெயர் வந்தது. பிறகு முடி, வெள்ளிக் கம்பி நிறத்தில். நான் கத்திய கத்தலில் நான்சி அடுப்பில் பாலை மறந்தாள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் புத்தகப்பையைக் கூட இறக்க மாட்டாள்.

"எதுவரிக்கும் வந்துக்கிறாம்மா?"

"மூக்கு!"

எனக்கு அவசரம் தாங்கவில்லை. காலையில் கண் திறப்பதே சோரினுக்காக என்றாகிவிட்டது.

கடைசியில் சட்டை வந்தது.

"ப்ளூதானேமா?" என்றாள் நான்சி.

"இல்லடி. மயில் கழுத்து. நீலத்துல பச்சை ஓடுது."

"ப்ளூம்மா. நல்லாப் பாரு." அவள் குரல் இறங்கிவிட்டது. எனக்கும் பயம் வந்தது.

"முழங்கை மடிப்புல பாரு."

அவள் சுவரில் மூக்கு முட்ட நின்று பார்த்தாள். "ஐயோ, ஆமாம்மா! பச்சை! எனக்குத் தெரிலமா!" என்று என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். தலையை ஆட்டக் கூடாதென்று டாக்டர் சொன்னதை இருவருமே மறந்தோம்.

எந்தத் தேதியில் என்ன நடந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நெற்றி வந்த நாள், மூக்கு வந்த நாள், சட்டை வந்த நாள் என்றுதான் நினைவிருக்கிறது. மறுபடி கடைக்குப் போகிறேன். நேர்க்கோடுகள் இன்னும் லேசாக நெளிகின்றன. சோரினின் தாடையும் எனக்குக் கோணலாகத்தான் தெரிகிறது, சொன்னால் நான்சிக்குக் கோபம் வருகிறது. கோணலாக வந்தால் என்ன, முழுசாக வந்துவிட்டான்.