கட்டணம் கேட்டேன், பூசை வைத்தார்கள்

வாழ்க்கை ஆலோசனை சொல்லிச் சம்பாதிப்பது இருக்கிறதே, அது பல் டாக்டர் வேலையை விடக் கஷ்டம். அவராவது பிடுங்கிய பல்லைக் காட்டிக் காசு கேட்கலாம். நான் எதைக் காட்டிக் கேட்பேன்? சொந்தமாக ஒரு தொழில் ஆரம்பித்து, முதல் ஆள் "எவ்வளவு?" என்று கேட்டதும் "பரவாயில்ல, இருக்கட்டும்" என்று சொல்லித் தொலைத்த அத்தனை பேருக்கும் என் கதை புரியும். நம்ம கூட்டம் பெரிசு.

போர்ட் பிளேயரில் பதினாறு வருஷம் பள்ளிக்கூட டீச்சராக இருந்தேன். ஆன்லைனில் படித்து கிறிஸ்தவ லைஃப் கோச் என்று சர்டிபிகேட் வாங்கி, வேலையை விட்டுவிட்டு, அபர்டீன் பஜாரில் ஒரு துணிக்கடைக்கு மேலே சின்ன ரூம் பிடித்தேன். வாடகை நாலாயிரம். ஒரு மணி நேரத்துக்கு ஐந்நூறு என்று மனசுக்குள் முடிவு செய்திருந்தேன். என் வீட்டுக்காரர் ஆரோக்கியம் தீவுகளுக்கிடையே ஓடும் கப்பலில் இன்ஜின் பார்க்கிறவர். அதிகம் பேசமாட்டார். ஒரே ஒரு கண்டிஷன் போட்டார்: "ஈஸ்டருக்குள்ள ஒரு மாச வாடகையாவது இந்த ரூமே சம்பாதிக்கணும். இல்லன்னா ஸ்கூலுக்கே திரும்பிப் போயிரு." அப்போது ஜனவரி மாசம். ஈஸ்டர் எங்கேயோ இருந்தது. சரி என்று சொல்லிவிட்டேன்.

போர்டில் ஒரு வரி

போர்டு எழுத வந்த பெங்காலி பெயிண்டர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். நாலு பாஷையிலும் அரைகுறையாகப் பேசுவார், நாலிலும் முழுசாகச் சண்டை போடுவார். என் பெயரையும் தொழிலையும் எழுதி முடித்துவிட்டு, "ரேட்?" என்றார். ஜெபம் சொல்லி ஆரம்பிக்கிற வேலைக்கு ஹோட்டல் மாதிரி விலைப்பட்டியல் தொங்கவிட எனக்குக் கூச்சம். "கட்டணம் நேரில்" என்று போடச் சொன்னேன்.

அவர் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "தீதி, ரேட் போடலேன்னா பாதி ஆளு ஜாஸ்தின்னு ஓடிப்போகும், பாதி ஆளு முஃப்த்னு ஏறி வரும். காசு குடுக்குற ஆளு மட்டும் வராது."

அமலி கொடுத்த பதில்

முஃப்த், அதாவது ஓசி என்று ஏறி வந்தவர்களில் முதல் ஆள் அமலி. மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். எங்களைப் போலவே தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக் குடும்பம். அவள் புருஷனும் மகனும் எட்டு மாசமாகப் பேசிக்கொள்ளவில்லை. மகனுக்குப் படகு வேண்டாம், ஹோட்டல் வேலைக்குப் படிக்கணும். ஒரே வீட்டில் சாப்பிட உட்கார்ந்து, "உன் மகன்ட்ட சொல்லு", "அப்பாட்ட சொல்லுங்க" என்று இரண்டு பேருக்கும் நடுவில் இவள்தான் தூது. "ஒரு வாரம் தூது போகாம இருந்து பாரும்மா" என்றேன். மூணாம் நாள், குழம்பில் உப்பு இல்லை என்று இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசிவிட்டார்கள். சந்தோஷத்தில் அழுதுகொண்டே வந்து சொன்னாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

அந்தச் சந்தோஷத்தோடு சந்தோஷமாக, தொண்டையைச் செருமி, "இதுக்கு ஒரு காணிக்கை மாதிரி..." என்று இழுத்தேன். கட்டணம் என்ற வார்த்தை வாயில் வந்தால்தானே! அமலி முகம் மலர்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அதெல்லாம் நேத்தே செஞ்சிட்டேன் டீச்சர். உங்களுக்காகச் சர்ச்சுல சாமியார்ட்ட காசு கட்டி ஒரு பூசை ஒப்புக்கொடுத்திருக்கேன். கையில காசு குடுத்தா உங்களோட தீந்துரும், பூசை வச்சா உங்க குடும்பத்துக்கே சேரும்லா?"

ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு

அமலி சும்மா இருப்பாளா? டீச்சரைப் பார்க்கப் போனால் பூசை வைத்தால் போதும் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால், யார் யாருக்காகப் பூசை என்று கருத்துகள் வாசிப்பார்கள் இல்லையா, அதில் வாராவாரம் "ஜெசிந்தா டீச்சரின் நலனுக்காக" என்று வர ஆரம்பித்தது. ஒரு வாரம் இரண்டு தடவை வந்தது. பக்கத்து வீட்டுக்காரி ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள். மெயின்லேண்டிலிருந்து நாத்தனார் போன் போட்டு, எந்த ஆஸ்பத்திரி என்று விசாரித்தாள். இந்தக் கூத்தில் வாடகைக்குச் சல்லிக்காசு சேரவில்லை. ஜனவரி, பிப்ரவரி வாடகை இரண்டும் நான் டீச்சராகச் சேர்த்து வைத்த பணத்தில்தான் போனது. எனக்கு வந்த கோபத்தை யாரிடம் காட்ட? ஜெபம் பண்ணுகிறவர்களிடமா?

தவக்காலம் ஆரம்பித்த வாரம் பங்குச் சாமியார் சர்ச் வாசலில் என்னை நிறுத்தி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "இந்த மாசம் உங்க பேருக்கு ஆறு பூசைம்மா. டாக்டர் என்னதான் சொல்றார்?"

பாதிக் கட்டணம்

பாராடாங் தீவில் ஜெட்டிப் பக்கம் அண்ணனோடு சேர்ந்து சாப்பாட்டுக்கடை நடத்துகிறவர் தங்கராசு. ராமநாதபுரத்துக்காரர். தனியாகப் பிரிய ஆசை, அண்ணன் முகத்தைப் பார்த்தால் வாய் வராது. முதல் நாள் நான் ஜெபம் தொடங்கியதும், "நீங்க உங்க சாமியக் கும்பிடுங்க, நான் எங்க சாமியக் கும்பிட்டுக்கிறேன்" என்று கண்ணை மூடிக்கொண்டார். அருமையான மனுஷன். விடியுமுன் எழுந்து ஃபெரி ஏறி, காட்டு ரோட்டில் போலீஸ் காவலோடு வரிசையாகப் போகும் கான்வாயோடு பஸ்ஸில் வந்து, ஒரு நாள் வியாபாரத்தை விட்டுவிட்டு என் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

எவ்வளவு என்று அவர் கேட்டதும் எனக்கு மனசு கேட்கவில்லை. "ஐந்நூறுதான், ஆனா நீங்க இவ்வளவு தூரம் வர்றீங்க, இருநூத்தைம்பது போதும்" என்றேன். புண்ணியம் செய்த நினைப்பில் நான் நிமிர்ந்து உட்கார, அவர் முகம் சுருங்கிப் போனது. "பாதிக் காசு வாங்குனா பாதி மனசோடதான கேப்பீங்க மேடம்? நான் முழு நாள விட்டுட்டு வந்திருக்கேன், எனக்கு முழுசா கேளுங்க."

ஐந்நூறு ரூபாயை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். ரூம் சம்பாதித்த முதல் காசு அது.

மீன்காரி எடுத்த வகுப்பு

ஈஸ்டருக்கு மூணு வாரம் இருக்கும்போது அமலியிடம் உடைத்துச் சொல்லிவிட்டேன். ரூமைக் காலி செய்யப்போகிறேன், வாடகை வரவில்லை, பள்ளிக்கூடத்துக்கே திரும்பப் போகணும். சொல்லும்போதே அழுகை வந்தது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து நாலு பேர் சொல்வதைக் கேட்கிற வேலை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

அமலிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பள்ளிக்கூடம்தான் எனக்குச் சம்பளம் கொடுத்து இங்கே உட்கார வைத்திருக்கிறது என்று இத்தனை நாள் நினைத்திருக்கிறாள். "முன்னாடியே சொல்லுறதுக்கென்ன?" என்று நன்றாகத் திட்டினாள். அப்புறம் தன் கணக்குக்கு இரண்டு ஐந்நூறு ரூபாய் நோட்டை வைத்தாள். பூசை இந்தக் கணக்கில் வராது, அது வேற என்றாள். கடைசியாக என்னை எதிரில் நிற்க வைத்து, "எங்க, உங்க ரேட்டச் சொல்லுங்க பாப்போம்" என்றாள். சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள். மறுபடி சொன்னேன். பதினாறு வருஷம் பிள்ளைகளை எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்டவள், அன்றைக்கு மாணவி மாதிரி நின்றேன்.

"ஐந்நூறு சொல்லும்போது தரையப் பாக்காதீய டீச்சர். நீங்க கீழ பாத்தா, இன்னும் எரநூறு குறைக்கலாம்னு எனக்குத் தெரிஞ்சிரும்."

கடைசிச் சனிக்கிழமை

அதற்குப் பிறகு எட்டுப் பேரிடம் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். நாலு பேர் "யோசிச்சுச் சொல்றேன்" என்று இறங்கிப் போனார்கள். நாலு பேர் கொடுத்தார்கள். தங்கராசு, அமலி காசையும் சேர்த்தால் மூவாயிரத்து ஐந்நூறு. ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை வந்துவிட்டது. சாயங்காலம்வரை ஒருத்தரும் படியேறவில்லை. ஒரே ஒரு ஆள் குறைச்சல். மேஜையைத் துடைத்து, சர்டிபிகேட்டைச் சுவரிலிருந்து கழற்றினேன்.

செருப்புச் சத்தம் கேட்டது. பார்த்தால் ஆரோக்கியம். கப்பலிலிருந்து நேராக, டீசல் வாசனையோடு வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஐந்நூறு ரூபாயை எடுத்து வைத்தார். "ஒரு மணி நேரம்" என்றார். தர்மம் பண்ணுகிறாரோ என்று எனக்குச் சுருக்கென்றது. நோட்டைத் திருப்பித் தள்ளினேன். அவர் கவனிக்காத மாதிரி பேச ஆரம்பித்தார். இந்த வருஷம் காது சரியாகக் கேட்கவில்லையாம். இன்ஜின் சத்தத்தில் போயிருக்கும். மெடிக்கல் செக்கப்பில் தெரிந்தால் கப்பலை விட்டு இறக்கிவிடுவார்களாம். அந்தப் பயத்தில்தான் என்னைப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போகச் சொன்னாராம், ஒரு சம்பளமாவது நிலையாக இருக்கட்டும் என்று. நூறு கேள்வி வாய்வரைக்கும் வந்தது. ஒன்றையும் கேட்காமல் ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். முடிவில், ஈஸ்டர் முடிந்ததும் முதல் வேலையாகக் காது டாக்டரிடம் இரண்டு பேரும் போவது என்று அவரே சொன்னார்.

எழுந்து நின்று, நோட்டை மறுபடி என் பக்கம் நகர்த்தினார். "எடுத்துக்க. கல்யாணமாகி இருபது வருஷத்துல நீ குறுக்க பேசாம என்னைக் கேட்டது இன்னைக்குத்தான், ஐந்நூறு கம்மி."

திங்கட்கிழமை வாடகை கட்டியாகிவிட்டது, சர்டிபிகேட் சுவருக்கு ஏறிவிட்டது, அவர் அடுத்த சனிக்கிழமைக்கும் நேரம் கேட்டிருக்கிறார், குடும்பத்தாருக்குச் சலுகை கிடையாது என்பதை மட்டும் எந்த முகத்தோடு சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.