அந்தப் பச்சை எங்க போச்சுங்க?

ஃபேர்லேண்ட்ஸில் ஒரு ஜவுளிக்கடைக்கு, சேலை காட்டும் தொடுதிரை செய்து கொடுத்திருக்கிறேன். இன்றுதான் வைத்தோம்.

"இனிமே பிரிச்சுப் போட்டு மடிக்கற வேலை இல்லீங்க" என்று முதலாளிக்கு நிம்மதி.

முதலில் வந்த அக்கா ஒரு பச்சையைப் பார்த்தார். அடுத்து நீலம்.

"ஏனுங்க, அந்தப் பச்சை எங்க போச்சுங்க?"

"இந்த அம்புக்குறியைத் தொடுங்கக்கா, வரும்."

தொட்டார். பச்சை வந்தது, நீலம் போய்விட்டது.

"ஒண்ணை எடுத்து உள்ள வெச்சுட்டுத்தான் இன்னொண்ணைக் காட்டுவீங்களா? எல்லாம் முன்னாலயே கெடக்கட்டுமுங்க."

முன், பின், முகப்பு என்று பொத்தான்களை யோசித்த எனக்கு இது தோன்றவேயில்லை.

அக்கா திரையை விட்டுவிட்டு, அலமாரியில் இருந்த சேலை அத்தனையையும் பிரித்துப் போடச் சொல்லிவிட்டார்.

திரையில் புதிதாகச் சேர்க்கப்போகும் 'கெடக்கட்டும்' பொத்தானுக்கு என்ன படம் போடலாம், சொல்லுங்கள். சேலை மடித்துக்கொண்டே என்னைப் பார்க்கும் முதலாளியின் முகத்தைத் தவிர.