மாற்றிப் போட்ட கோழிகள்

நாமக்கல் பக்கத்து அந்தப் பண்ணைக்காரருக்கு என்னை முதல் நாளே பிடிக்கவில்லை. எனக்கும் அவரைப் பிடிக்கவில்லை. கூண்டுக் கோழிகள் ஒன்றையொன்று கொத்திக்கொள்வது சிவப்பு விளக்கு மாட்டினால் குறைகிறதா என்பது என் முதுகலை ஆய்வு. பண்ணையைப் பிடித்துக் கொடுத்தவர் அந்த விளக்கை விற்பவர்.

விளக்குக்கு முன் இரண்டு வாரம், மாட்டியபின் இரண்டு வாரம், அதே கூண்டுகள் முன் நின்று கொத்துகளை எண்ணினேன். எச்ச நெடியில் கண் எரியும். உட்கார நாற்காலி கேட்டேன்.

"கோழியே நின்னுட்டுத்தான் இருக்குது. உங்களுக்கு என்னங்க அம்மணி?" என்றார் பண்ணைக்காரர்.

விளக்கு வந்தபின் எண்ணிக்கை சரிந்தது. எனக்கும் சந்தோஷம்தான். கடைசி நாள் ஒரு கோழி கம்பி வழியே காலை நீட்டியது. அடையாளத்துக்கு நான் மாட்டிய மஞ்சள் வளையம் அந்தக் காலில் இல்லை. பல கூண்டுகளில் அப்படித்தான்.

"ரொம்பக் கொத்தறதையெல்லாம் மாத்திப் போட்டோமுங்க. இவருதான் சொன்னாரு" என்று கூட வந்திருந்த விளக்குக்காரரைக் காட்டினார் பண்ணைக்காரர்.

விளக்குக்காரர் சிரித்தார். "கோழின்னா கோழிதானுங்க. கொத்தறது கொறஞ்சிருக்குதல்ல?"

"அதே கோழிகளோட முன் கணக்குல இருந்து பின் கணக்கைக் கழிக்கணும். அந்த வித்தியாசம் தற்செயலா வந்திருக்குமான்னு பாக்கறதுதான் பெயர்டு டி டெஸ்ட். கோழியவே மாத்திட்டா எதுல இருந்து எதைக் கழிக்கறது?"

"படிச்ச திமிரு" என்றார் பண்ணைக்காரர், என் முகத்தைப் பார்க்காமலே.

கோழி மாற்றிய கூண்டுகளை நீக்கிவிட்டு மிச்சத்தைக் கணக்கிட்டேன். சில கூண்டுகளில் கொத்து குறைந்திருந்தது, சிலவற்றில் கூடியிருந்தது. வித்தியாசங்களின் சராசரி பூஜ்யத்தை ஒட்டியே கிடந்தது. விளக்கால் குறைந்தது என்று சொல்ல ஆதாரமில்லை என ஆய்வேட்டில் எழுதினேன். கூண்டுகளை ஏன் நீக்கினேன் என்பதையும் எழுதினேன்.

முடிவு தெரிந்ததும் விளக்குக்காரர் போனில் கத்தினார். "உங்களுக்குப் பண்ணை புடிச்சுக் குடுத்தேன் பாருங்க, என்னைய செருப்பால அடிக்கோணும்!"

"அடிச்சுக்குங்க" என்று போனை வைத்தேன்.

சில மாதம் கழித்து, பரமத்தி சாலையில் ஒரு தீவனக் கடையில் விளக்குக்காரருடைய விளம்பரம் ஒட்டியிருந்தது. 'ஆய்வில் நிரூபிக்கப்பட்டது' என்று கொட்டை எழுத்தில். யாருடைய ஆய்வு என்று போடவில்லை. கிழித்து எறிந்தேன். கடைக்காரர் கல்லாவிலிருந்து எழுந்து சத்தம் போட்டார். நானும் பதிலுக்குப் போட்டேன். பஸ் வரும்வரை இருவரும் நிறுத்தவில்லை.