அத்தை வைக்காத கைநாட்டு

நாலாம் வகுப்பிலேயே நான் எழுத்துக்கூட்டாமல் வாசிப்பேன் என்று எங்கள் வீட்டில் பெருமை அதிகம். அந்தப் பெருமையை உருப்படியான ஒரு காரியத்துக்குப் பயன்படுத்தியவள் என் அத்தை ஒருத்திதான். அவள் அப்பாவின் அக்கா. புருஷன் இல்லை, பயமும் இல்லை.

ராயபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் பரிசோதனைக்கூடத்தில் அத்தை கண்ணாடி கழுவினாள். சளி, இரத்தம், சீழ் என்று பார்த்து முடித்த குழாய்களை எல்லாம் தாழ்வாரத்தில் இருந்த ஒரு பெரிய தொட்டியில் போடுவார்கள். தொட்டியில் மருந்துத் தண்ணீர் பால்போல வெளுத்திருக்கும். அடியில் கிடப்பது கண்ணுக்குத் தெரியாது. உடைந்ததையும் உடையாததையும் ஒன்றாகப் போடுவதுதான் அங்கே வழக்கம். பிரித்துப் போட நேரமில்லாத பெரிய மனிதர்கள். கழுவுகிறவர்கள் கையை விட்டுத் துழாவி எடுக்க வேண்டும். வெட்டுப்பட்டால் துணியைச் சுற்றிக்கொண்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

அத்தையின் இடதுகைக் கட்டைவிரலில் ஒரு கண்ணாடித் துண்டு ஏறியது. மூன்றாம் நாள் விரல் வீங்கிக் கறுத்தது. கீறிக் கட்டிய வெள்ளைக்கார டாக்டர் துரை, விரலை எடுக்கவேண்டி வரலாம் என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்டு அழுதது என் அம்மாதான். அத்தை கட்டுப் போட்ட கையை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்துக்கொண்டே வேலைக்குப் போனாள். மறைக்கச் சொன்னவர்களிடம், "நான் இன்னா திருடிகினா வந்தேன்?" என்று கேட்டாள்.

அன்று குமாஸ்தா ஒரு காகிதத்தை நீட்டிக் கைநாட்டு வைக்கச் சொல்லியிருக்கிறார். வைக்காவிட்டால் வேலைக்கு வர வேண்டாம் என்றாராம். மறுநாள் காலையில் அத்தை என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

தாழ்வாரத்தின் ஒரு கோடியில் குமாஸ்தாவின் மேஜை. பத்தடி தள்ளித் தொட்டியைச் சுற்றி ஐந்து பெண்கள் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"காயிதத்தக் குடு ஐயா, எங்க கொயந்த படிக்கும்" என்றாள் அத்தை.

"அதுல ஒண்ணுமில்லம்மா. உனக்கு வைத்தியம் பண்ணினோம்னு எழுதியிருக்கு, அவ்வளவுதான்."

"அத எங்க கொயந்த சொல்லட்டும்."

நான் வாங்கி வாசித்தேன். "என் சொந்தக் கவனக்குறைவினால் இக்காயம் நேரிட்டது. இதன் பொருட்டு ஆஸ்பத்திரியாரிடம் நான் யாதொன்றும் கோரமாட்டேன்." வைத்தியம் என்ற சொல்லே அதில் இல்லை.

"காதுல வுயல. இன்னொரு தபா படி."

இரண்டாம் தடவை நிதானமாகப் படித்தேன்.

"இன்னும் சத்தமா, கண்ணு."

மூன்றாம் தடவை, மாதா கோயிலில் சாமியார் பிரசங்கம் செய்கிற மாதிரி கத்தினேன். தொட்டிப் பக்கம் கண்ணாடிச் சத்தம் நின்றுபோயிற்று.

குமாஸ்தா காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டார். "இடது விரல் முடியலேன்னா வலது விரலை வை. வேலை வேணுமா, வேண்டாமா?"

"வேல வோணும். பொய்தான் வோணாம்" என்றாள் அத்தை. "ஒரு வெரல உங்க ஒடஞ்ச கண்ணாடிக்குக் குடுத்துட்டேன். இன்னொண்ண உன் காயிதத்துக்கும் குடுக்கணுமா? தொட்டில போட்டவன இட்டுகினு வா, அவன் வெக்கட்டும் கைநாட்டு."

ஐந்து பெண்களும் எழுந்து ஈரக் கையைப் புடவையில் துடைத்தார்கள். உடைந்த கண்ணாடிக்குத் தனி டின் வருகிறவரை தொட்டியில் கை வைப்பதில்லை என்று ஒருத்தி சொன்னாள். இரண்டு நாள் அழுக்குக் கண்ணாடி மலையாகக் குவிந்தது. மூன்றாம் நாள் டின் வந்தது. அத்தையின் விரல் போயிற்று; வேலை போகவில்லை. அவளோடு ஐந்து பேரையும் சேர்த்து அனுப்பினால் யார் கழுவுவது?

எனக்கோ காகிதம் படித்த அன்று வீடு வரும்வரை ஒரே அழுகை. நன்றாகத்தான் படித்தேன், அப்படியிருக்க மூன்று தடவை படிக்கவைத்து என்னை அவமானப்படுத்திவிட்டாளே என்று அத்தைமேல் ஆத்திரம். அவள் சிரித்துக்கொண்டே நடந்தாள்.

அந்த ஐந்து பெண்களின் கையிலும் பழைய வெட்டுத் தழும்புகள் இருந்ததை நான் அன்றே பார்த்தேன். ஒவ்வொரு தழும்புக்கும் அவர்கள் அதே மாதிரிக் காகிதத்தில் கைநாட்டு வைத்திருந்தார்கள் என்பதும், அதில் எழுதியிருந்ததை அன்றுதான் முதன்முதலாகக் காதால் கேட்டார்கள் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.