சட்டையோடு வந்த காரீயம்

அவர் ஒரு நர்ஸ். பிள்ளைகளின் விரல் நுனியில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பது வேலை. குருவி மாதிரி கத்திக் காட்டி, பிள்ளை சிரிக்கிற நேரத்தில் காரியத்தை முடித்துவிடுவார். அதனால் ஆராய்ச்சிக் குழுவில் எல்லோருக்கும் அவர் குருவியக்கா.

பழைய பேட்டரிகளை உடைத்துக் காரீயம் உருக்கும் பட்டறை ஒன்று ஊரின் கோடியில் இருந்தது. அதன் புகையால் சுற்றுவட்டாரப் பிள்ளைகளின் ரத்தத்தில் எவ்வளவு காரீயம் சேர்ந்திருக்கிறது என்று பார்க்கத்தான் அந்தக் குழு வந்திருந்தது. காரீயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பட்டறைக்குப் பக்கத்தில் அளவு அதிகமாகவும், தள்ளிப் போகப் போகக் குறைவாகவும் இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். குருவியக்காவின் வீடு மறுகோடியில் இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க அங்கிருந்தும் பிள்ளைகள் வேண்டும் என்றதும், தன் நான்கு வயது மகளையே கூட்டி வந்தார்.

மேசை மேலிருந்த ரத்தம் சோதிக்கும் கருவியில் எண் தெரிந்ததும் குழுவின் டாக்டரம்மாவுக்கு முகம் மாறியது.

"கைய நல்லாத் தொடச்சீங்களா? விரல்ல தூசி இருந்தாக்கூடத் தப்பாக் காட்டும்."

"சோப்புப் போட்டுக் கழுவினேன் டாக்டர்."

"எதுக்கும் இன்னொரு தடவ எடுங்க."

இந்த முறை குருவியக்காவுக்குக் குருவிச் சத்தம் வரவில்லை. மகள் வீறிட்டாள். அதே எண்தான் வந்தது. அதுவரை சோதித்த பிள்ளைகளிலேயே அதுதான் அதிகம்.

"அவ்வளவு தூரம் புகை வராதே..." டாக்டரம்மா யோசித்தார். "உங்க வீட்டுக்காரர் என்ன வேலை பாக்குறார்?"

அதுவரை யாரும் பெற்றோரின் வேலையைக் கேட்டதில்லை. எல்லோருடைய கண்ணும் புகை மேலேயே இருந்தது. குருவியக்காவின் கணவருக்கு அந்தப் பட்டறை உலையில்தான் வேலை. போட்ட சட்டையோடுதான் வீட்டுக்கு வருவார். மகள் ஓடிப்போய்த் தாவி ஏறி, அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள்.

அன்று சாயங்காலம் கணவர் வந்தபோது, குருவியக்கா மகளின் மணிக்கட்டை இறுகப் பிடித்தபடி வாசலை மறித்து நின்றார்.

"கிட்ட வராதீங்க."

"என்னாச்சு? காய்ச்சலா?"

"சட்டையக் கழட்டுங்க. வெளியவே."

அப்பாவிடம் போகத் துடித்த மகள் அலறினாள். அந்த அழுகைக்கு நடுவிலேயே குருவியக்கா விஷயத்தைச் சொல்லி முடித்தார்.

"எம் புள்ளைக்கு நானே விஷம் வெக்கிறேங்கிறியா?"

"உங்களச் சொல்லல. சட்டையச் சொல்றேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு அவர் திரும்பி நடந்தார்.

இருட்டுவதற்குள் வந்துவிட்டார். பட்டறைத் தொட்டியில் குளித்து, யாருடையதோ தொளதொளச் சட்டையை மாட்டியிருந்தார். தலையில் ஈரம் சொட்டியது. கையை நீட்டினார். மகள் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். நீட்டிய கையை அவர் மெல்ல மடக்கிக்கொண்டார்.

குழுவினர் அந்த வீட்டு மெத்தைத் தூசியைச் சோதித்தார்கள்; அதிலும் காரீயம் இருந்தது. பிறகு பட்டறையில் வேலை செய்யும் எல்லோருடைய பிள்ளைகளையும் தேடிப் போனார்கள். வீடு எந்த மூலையில் இருந்தாலும் அளவு எகிறியிருந்தது. புகையை விட அப்பாக்களின் துணிதான் அதிகக் காரீயத்தை வீட்டுக்குள் கொண்டுவந்திருந்தது.

பட்டறை முதலாளி குருவியக்காவின் கணவரிடம் கொதித்தார். "ஆராய்ச்சின்னு சொல்லிப் பட்டறைக்குப் பூட்டுப் போடப் பாக்குறாங்க. நீயும் அதுக்கு உடந்தை!"

மற்ற ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். குருவியக்காவின் கணவர் மட்டும் குனியவில்லை.

"மொதலாளி, உங்க பேரனும் உங்க மடியிலதான உக்கார்றான்? அவனையும் ஒரு தடவ கூட்டிட்டுப் போய்ப் பாருங்க."

முதலாளி அடிக்க வருவது போல எழுந்தார். ஆனால் மறுநாளே பேரனைத் தூக்கிக்கொண்டு ஆராய்ச்சி முகாமுக்குப் போனார். என்ன அளவு வந்தது என்று யாரிடமும் சொல்லவில்லை. அந்த வாரமே பட்டறையில் குளியலறை கட்ட ஆள் வந்தது.

குருவியக்காவின் கணவர் அதற்காகக் காத்திருக்கவில்லை. வேலையை விட்டுவிட்டு, இப்போது காய்கறி வண்டி ஓட்டுகிறார். ஒரு வருஷத்தில் மகளின் அளவு பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. ஆனாலும் பேசிக்கொண்டிருக்கும்போதே சில சமயம் சொல் கிடைக்காமல் தடுமாறுகிறாள்.

"முழுசாச் சரியாயிடுமா டாக்டர்?" என்று ஒவ்வொரு சோதனையின்போதும் கணவர் கேட்பார்.

"தெரியாதுங்க. இனி ஏறாது. அத மட்டும் சொல்ல முடியும்."

அதைக் கேட்டுவிட்டு மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொள்வார். அவள் இப்போது பழையபடி முகத்தைப் புதைத்துக்கொள்கிறாள்.